மராமத்தும் பொறியியல்தான்

சிதம்பரம் வட்டாரத்தில் 'இன்ஜினியர்' என்றால் எந்த ஆள் என்பதை, சொல்பவரை வைத்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். கல்யாணத் தரகர் சொன்னால், பெங்களூரிலோ பழைய மகாபலிபுரம் சாலையிலோ கணினி முன் உட்காரும் மாப்பிள்ளை. வீடு கட்டுகிறவர் சொன்னால், பிளான் போட்டு நகராட்சியில் அப்ரூவல் வாங்கித் தருபவர். தளத்தில் நின்று வேலை வாங்குபவரோ மேஸ்திரி. காட்டுமன்னார்கோவில் விவசாயி "இன்ஜினியரைப் பாத்துட்டு வர்றேன்" என்றால், வாய்க்காலில் எப்போது தண்ணீர் விடுவீர்கள் என்று பாசன உதவிப் பொறியாளரான ஏ.இ.யிடம் கேட்கப் போகிறார். நெய்வேலியில் அந்தச் சொல் பார்க்கும் வேலையைவிட, குடியிருக்கும் குவார்ட்டர்ஸைப் பற்றித்தான் அதிகம் சொல்லும். தேர்தல் நேரத்தில் 'சோஷியல் இன்ஜினியரிங்' என்று ஒன்று கிளம்பும். அது தொகுதியின் சாதிக் கணக்கு.

பொறியியல் என்று நாம் எழுதுகிறோம். பொறி பழைய சொல். மதுரை மதிலின் மேல் எதிரியைத் தாக்க வைத்திருந்த பொறிகளைச் சிலப்பதிகாரம் வரிசையாகச் சொல்கிறது. சீவக சிந்தாமணியில் நிறைமாதக் கர்ப்பிணியான விசயை தப்பிப் போவது மயிற்பொறியில். பெருங்கதையில் உதயணனைப் பிடிக்க ஒரு எந்திர யானையையே செய்து காட்டில் விடுகிறார்கள். வீட்டில் எலிப்பொறி இன்னும் இருக்கிறது. ஆக, பொறி என்றால் கருவியும் உண்டு, கண்ணியும் உண்டு. பெரும்பாலும் யாரையாவது மடக்குவதற்கான ஏற்பாடு. ஐரோப்பாவிலும் கோட்டையைத் தகர்க்கும் கருவி செய்தவர்தான் முதலில் இன்ஜினியர். 18-ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் ஜான் ஸ்மீட்டன் போன்றவர்கள், தங்கள் வேலைக்கும் ராணுவத்துக்கும் சம்பந்தமில்லை என்று காட்டவே 'சிவில்' என்ற அடைமொழியைச் சேர்த்துக்கொண்டார்கள். இலங்கைத் தமிழர் அதைக் 'குடிசார் பொறியியல்' என்கிறார்கள். நல்ல தமிழ்.

அந்தக் 'குடி' நம் பக்கத்தில் வேறொரு சொல்லோடு ஒட்டிக்கொண்டிருந்தது: குடிமராமத்து. மராமத்து அரபியிலிருந்து வந்த சொல். பழுது பார்ப்பது என்று பொருள். பொதுப்பணித் துறை என்ற பெயர் பழகுவதற்கு முன் அந்த அலுவலகத்தை நம் தாத்தாக்கள் மராமத்து இலாகா என்றுதான் அழைத்தார்கள். ஏரி, மதகு, பாலம், சாலை என்று எல்லாவற்றுக்கும் பொறுப்பான ஒரு துறைக்குப் பழுது பார்ப்பதையே பெயராக வைத்திருந்தார்கள் என்பது சின்ன விஷயமில்லை. கடலூர் மாவட்டத்தில் நடக்கும் பொறியியலில் பெரும்பகுதி இன்றும் மராமத்துதான். ஆனால் அதற்குப் பட்டமும் கிடையாது, அடிக்கல் நாட்டு விழாவும் கிடையாது. மரியாதை முழுக்கப் புதிதாகக் கட்டுவதற்கே போகிறது. இந்த மாவட்டம் தண்ணீரிடம் அடி வாங்கும் ஒவ்வொரு முறையும் இதற்கான விலையைக் கொடுக்கிறோம் என்பது என் கருத்து.

வீராணத்திலிருந்தே தொடங்கலாம். 10-ஆம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டப்பட்டு, அவனுடைய பட்டப்பெயரால் வீரநாராயணப் பேரேரி ஆனது. 'பொன்னியின் செல்வன்' படித்தவர்கள் எல்லோரும் வந்தியத்தேவனின் குதிரையோடு ஒரு ஆடிப்பெருக்கு நாளில் இதன் கரைமேல் போனவர்கள்தான். ஏரியின் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. காட்டுமன்னார்கோவில், சிதம்பரம் வட்டாரங்களில் சுமார் 45 ஆயிரம் ஏக்கர் இதை நம்பியிருக்கிறது. மழைக்காலத்தில் செய்தித்தாளில் "வீராணம் 47.50 அடியை எட்டியது" என்று வருகிறதே, அதைப் படித்துவிட்டு நான்கு மாடி ஆழம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது ஆழம் இல்லை. கடல் மட்டத்திலிருந்து கணக்கிடும் நீர்மட்டம். பதினைந்து கிலோமீட்டர் அளவுக்கு நீண்டு கிடக்கும் ஏரியில் சராசரி ஆழம் சில அடிகள்தான். தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றிவைத்தது போன்ற ஏரி இது. அதனால்தான் இங்கே ஒரு அடி வண்டல் படிவது சாதாரணமான நட்டமில்லை.

வண்டல் வரும் வழியும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கீழணையிலிருந்து வடவாறு கொண்டுவரும் கொள்ளிடத் தண்ணீர் ஒரு பக்கம். அரியலூர் மேட்டிலிருந்து செங்கால் ஓடையும் கருவாட்டு ஓடையும் அடித்துக்கொண்டு வரும் மழை வெள்ளம் இன்னொரு பக்கம். வடவாற்றுத் தண்ணீரைக் கீழணையில் அடைக்கலாம். ஓடைகளுக்கு அடைப்பான் கிடையாது. வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் ஓர் இரவில் ஏரியின் கணக்கு மாறிவிடும்.

இங்கேதான் பொறியியலின் கஷ்டமான கேள்வி வருகிறது. நவம்பர் மாதத்தில் ஏரியில் எவ்வளவு தண்ணீரை வைத்துக்கொள்வது? சம்பா நடவு முடிந்து பயிர் நிற்கிறது. அதற்கு ஏரி நிரம்பியிருக்க வேண்டும். 2004-இல் நிறைவேறிய புதிய வீராணம் திட்டத்தில் சேத்தியாத்தோப்பிலிருந்து தண்ணீரை ஏற்றி, வடக்குத்தில் சுத்திகரித்து, 200 கிலோமீட்டருக்கும் மேல் குழாயில் சென்னை போரூருக்கு அனுப்புகிறார்கள். நாளொன்றுக்கு 180 மில்லியன் லிட்டர் என்பது திட்டத்தின் அளவு. தலைநகரின் குடிநீர் என்பதால் அதற்கும் ஏரி நிரம்பியிருக்க வேண்டும். ஓடைகளின் வெள்ளத்தைத் தாங்கவோ ஏரியில் இடம் காலியாக இருக்க வேண்டும். நிரப்பி வைத்திருந்து மழை கொட்டினால், லால்பேட்டை பக்கம் வெள்ளியங்கால் ஓடையில் அவசரமாகத் திறந்துவிட வேண்டியதாகும். குமராட்சி, திருநாரையூர் பக்கத்து வயல்கள் முழுகும். 2015 நவம்பரில் அதுதான் நடந்தது. காலியாக வைத்திருந்து மழை ஏமாற்றிவிட்டால் மார்ச்சில் விவசாயியும் திட்டுவார், சென்னையும் திட்டும். புதுக் கட்டிடம் எதுவும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. வானிலை அறிக்கையும் அனுபவமும் ஓடைகளைப் பற்றிய ஞாபகமும் சேர்ந்துதான் ஒவ்வொரு நாளும் பதில் சொல்ல வேண்டும்.

அந்தப் பதிலைக் கடைசியில் நிறைவேற்றுபவர் ஒரு லஸ்கர். மதகில் ஷட்டரை ஏற்றி இறக்கும் கடைநிலை ஊழியருக்கு நீர்வளத் துறையில் இன்றும் அதுதான் பெயர். அதுவும் ராணுவத்திலிருந்து வந்த சொல். படை என்று பொருள்படும் பாரசீகச் சொல்லின் மிச்சம். எந்த மதகில் பலகை ஒழுகுகிறது, எந்த வாய்க்காலின் தலைப்பு தூர்ந்திருக்கிறது, எத்தனை சுற்று சுற்றினால் கடைமடைக்கு எத்தனை நாளில் தண்ணீர் போய்ச் சேரும் என்பதெல்லாம் அந்த ஆளுக்குத்தான் தெரியும். லஸ்கர் பணியிடங்கள் காலியாகக் கிடக்கின்றன என்று டெல்டா விவசாயிகள் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் ஓய்வு பெற்று அந்த இடம் நிரப்பப்படாமல் போனால், ஒரு சம்பளம் மிச்சம் என்று கணக்கில் ஏறும். அவரோடு போன நீர்க்கணக்கு எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

சோழர் காலத்தை இந்த இடத்தில் இழுப்பது வழக்கமாக வெறும் பெருமைக்காகத்தான். நானும் இழுக்கிறேன், வேறு காரணத்துக்காக. வீராணத்தை வெட்டிய அதே பராந்தகன் காலத்தில்தான், 919-லும் 921-லும், உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டன. குடவோலை என்றதும் பள்ளிக்கூடத்தில் படித்தது நினைவுக்கு வரும். அந்த ஓலை எதற்காகக் குலுக்கப்பட்டது என்பதை அவ்வளவாக யாரும் கவனிப்பதில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். ஆண்டுக்கொரு முறை ஆள் மாறும். கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது. ஏரியைப் பராமரிப்பதற்கென்றே நிலம் ஒதுக்கும் ஏரிப்பட்டி ஏற்பாடும் இருந்தது. ஏரியைக் கட்டும்போதே அதைக் காப்பதற்கான ஆளும் காசும் சேர்ந்தே யோசிக்கப்பட்டன.

அதற்காகப் பழைய முறையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. சென்னை மாகாணத்தில் குடிமராமத்தை 1858-இல் சட்டமாக்கியபோது அதன் பெயரே கட்டாய உழைப்புச் சட்டம். மண்வெட்டி யார் கையில் இருந்தது, கரைமேல் நின்று மேற்பார்வை பார்த்தவர் யார் என்று ஊருக்கு ஊர் கேட்டுப் பார்த்தால் சாதியின் படம் துல்லியமாகக் கிடைக்கும். 2017-இல் தமிழ்நாடு அரசு அதே பெயரில் திட்டத்தை மீண்டும் கொண்டுவந்தபோது விவசாயிகள் சங்கங்கள் வழியே வேலை நடந்தது. சில இடங்களில் வாய்க்கால் திறந்தது, சில இடங்களில் பில் மட்டும் பாஸ் ஆனது என்ற பேச்சும் கூடவே வந்தது. பெயரை மீட்பது எளிது. பொறுப்பை மீட்பதுதான் சிரமம்.

பிரிட்டிஷ் இன்ஜினியர் ஆர்தர் காட்டன் கதையில் நாம் சொல்லும் பாதி ஒன்று, சொல்லாத பாதி ஒன்று உண்டு. முக்கொம்பில் கொள்ளிடத்தின் படுகை தாழ்வு. தண்ணீர் அந்தப் பக்கமே ஓட, காவிரி மணல்மேடிட்டுக்கொண்டு வந்தது. 1836 வாக்கில் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டித் தண்ணீரைக் காவிரிக்குத் திருப்பினார். அப்படித் திருப்பினால் கொள்ளிடத்தை நம்பிய சிதம்பரம் பக்கம் காயும். அதைச் சரிக்கட்டத்தான் அணைக்கரையில் கீழணை. வடவாறு வழியாக வீராணத்துக்கு உயிர் கொடுப்பது அதுதான். ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையைக் கல்லணை கட்டியவர்களிடமிருந்து கற்றுக்கொண்டோம் என்று காட்டனே எழுதிவைத்தார். நம் 'அணைக்கட்டு' ஆங்கிலத்துக்குள் 'அனிகட்' என்று போய்ச் சேர்ந்தது. இதெல்லாம் சொல்லும் பாதி.

சொல்லாத பாதி 2018 ஆகஸ்ட் 22-ஆம் தேதி இரவில் வந்தது. மேட்டூர் நிரம்பி வெள்ளம் இறங்கிய நேரத்தில், மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போய்விட்டன. அதற்குச் சில நாள் முன்புதான் திருச்சியில் கொள்ளிடத்தின் பழைய பாலமும் சரிந்திருந்தது. மணல் அள்ளியது காரணமா, பராமரிப்பு இல்லாததா, வயதா என்று விவாதம் நடந்தது. எனக்கு இவை தனித்தனிக் காரணங்களாகவே தெரியவில்லை. வயதான அணைக்கு அடியிலும் அக்கம்பக்கத்திலும் என்ன நடக்கிறது என்று ஆண்டுதோறும் பார்ப்பதற்குப் பெயர்தான் மராமத்து. அதன் பிறகு பெரும் செலவில் புதிய கதவணை கட்டி முடித்தாயிற்று. ஆனாலும் கொள்ளிடத்தில் உபரி நீர் வரும்போதெல்லாம் சிதம்பரத்துக்குத் தெற்கே ஜெயங்கொண்டப்பட்டினம், பெராம்பட்டு, கீழகுண்டலப்பாடி மக்கள் இன்னும் படகில்தான் வெளியே வருகிறார்கள்.

புதிதாகக் கட்டுவதன் மோகத்துக்கு இந்த மாவட்டத்தில் கண்ணால் பார்க்கக்கூடிய சாட்சியும் இருந்தது. 1960-களின் கடைசியில் தொடங்கி பாதியில் கைவிடப்பட்ட முதல் வீராணம் திட்டத்தின் ராட்சதக் குழாய்கள் சாலையோரத்தில் பல ஆண்டுகள் கிடந்தன. வீடில்லாதவர்கள் அவற்றுக்குள் குடித்தனம் நடத்தினார்கள். குழாய்க்குள் தண்ணீர் வரும் முன் பிள்ளைகள் பிறந்து வளர்ந்தார்கள் என்று அந்தக் கால அரசியல் மேடைகளில் இரு பக்கமும் வேண்டியவரை பேசியாயிற்று.

எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் வேலை பிச்சாவரத்தில் இருக்கிறது. படகில் போகும் சுற்றுலாக்காரர்களுக்குச் சொன்னாலொழிய தெரியாது. வெள்ளைக்காரர் காலத்திலிருந்து 1970-கள் வரை அலையாத்திக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டுவது வழக்கம். வெயில் பட்ட சேற்றுநிலம் காய்ந்து அமுங்கியது. நடுவில் பள்ளம் விழுந்தது. ஓதத்தில் உள்ளே வந்த கடல்நீர் வற்றத்தில் திரும்பிப் போக முடியாமல் பள்ளத்தில் தேங்கி, ஆவியாகி, உப்பேறியது. அந்த உப்பில் எந்தக் கன்றும் முளைக்கவில்லை. வெட்டியதால்தான் காடு போயிற்று, நட்டால் வந்துவிடும் என்று நினைத்தவர்கள் நட்டு நட்டுத் தோற்றார்கள். 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களோடு சேர்ந்து நோயை வேறு விதமாகப் பார்த்தார்கள்: கன்றில் குறையில்லை, தண்ணீர் போய் வருவதில்தான் குறை. முதன்மை வாய்க்கால் ஒன்று, அதிலிருந்து இரு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள் என்று மீன்முள் வடிவத்தில் வெட்டினார்கள். ஓதம் ஒரு நாளைக்கு இருமுறை உள்ளே வந்து, இருமுறை உப்பைக் கழுவிக்கொண்டு வெளியே போனது. காடு திரும்பியது.

கான்கிரீட் இல்லை, மோட்டார் இல்லை, மண்வெட்டியும் மட்டக்கணக்கும்தான். ஆனால் அந்த வாய்க்கால்களில் சேறு படியும்; அவ்வப்போது தூர் எடுக்காவிட்டால் பழைய பள்ளமே மறுபடி வரும். 2004 சுனாமிக்குப் பிறகு கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்த வெளிநாட்டு, இந்திய ஆய்வாளர்கள் சிலர், மரங்களுக்குப் பின்னால் இருந்த கிராமங்களில் சேதம் குறைவு என்று எழுதினார்கள். கரையிலிருந்து தூரமும் நிலத்தின் உயரமும்தான் காரணம் என்று வேறு சிலர் மறுத்தார்கள். எது எப்படியானாலும், அந்தக் காடு நிற்பது தூர் எடுக்கும் ஆளை நம்பித்தான்.

நெய்வேலியைச் சொல்லாமல் இந்த மாவட்டத்தில் பொறியியல் பேச முடியாது. அங்குள்ள நிலக்கரிச் சுரங்க நிறுவனம் 1956-இல் தொடங்கியது. அங்கே நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் இருக்கிறது. அதை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே மேலே உப்பிவிடும். மாபெரும் வெட்டு எந்திரங்களைப் பார்த்து வாய் பிளப்பவர்கள், அந்த பம்புகளைக் கவனிப்பதில்லை. இறைத்த தண்ணீர் சில ஊர்களுக்குப் பாசனம் ஆனதும் உண்மை, சுற்றுவட்டாரக் கிணறுகள் இறங்கிவிட்டன என்று விவசாயிகள் சொல்வதும் உண்மை. 2023 ஜூலையில் பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்ட வளையமாதேவியில் கதிர் விடும் நேரத்து நெல்லுக்குள் எந்திரத்தை இறக்கியபோது, நிலம் சட்டப்படி எப்போதோ கையகப்படுத்தப்பட்டது என்பதுதான் பதிலாக வந்தது. மட்டம் பார்த்து, கோடு போட்டு, காலக்கெடுவுக்குள் வெட்டினார்கள். இரண்டு மாதம் பொறுத்தால் அறுவடை. குடியை மறந்த பொறியியல் எப்படியிருக்கும் என்று கேட்டால் நான் அந்த வயலைத்தான் காட்டுவேன்.

இத்தனைக்கும் நடுவில் அண்ணாமலைநகரில் 1945-லிருந்து பொறியியல் சொல்லிக் கொடுக்கிறார்கள்; மாநிலத்தின் பழைய பொறியியல் படிப்பிடங்களில் ஒன்று. 1980-களின் நடுவில் தனியார் கல்லூரிகளுக்குக் கதவு திறந்த பிறகு, மாநிலம் முழுக்க நானூறுக்கும் மேல் கல்லூரிகள். 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் தமிழ் வழியில் சிவிலும் மெக்கானிக்கலும் தொடங்கியது. கலந்தாய்வில் முதலில் தீர்வது கம்ப்யூட்டர் சயின்ஸ். சிவில் வகுப்புகளுக்கு ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. மதகைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சம்பளமும் இல்லை, பதவி உயர்வும் இல்லை, கல்யாணச் சந்தையில் பெயரும் இல்லை என்றால் எந்தப் பிள்ளை போவான், எந்தப் பெண் போவாள்?

ஆகவே சில காரியங்களைக் கேட்கலாம். அண்ணாமலைநகரின் சிவில் மாணவர்களுக்கு வீராணமும் பிச்சாவரமும் பஸ்ஸில் போய் வரும் தூரம். நான்காம் ஆண்டு புராஜெக்ட் என்று கடையில் பைண்டிங் போட்டு வாங்குவதைவிட, ஆளுக்கொரு மதகை எடுத்துக்கொண்டு அதன் ஒழுகலையும் வண்டலையும் அளந்து எழுதலாம். பத்து ஆண்டு சேர்ந்தால் ஏரிக்கு ஒரு மருத்துவக் குறிப்பேடே கிடைத்துவிடும். லஸ்கர் வேலையை ஷட்டர் சுற்றும் வேலையாக வைத்திருக்காமல், பயிற்சியும் பதவி உயர்வும் உள்ள தொழில்நுட்பப் பணியாக மாற்றி, காலியிடங்களை நிரப்ப வேண்டும். புதிதாக எதைக் கட்டினாலும், உதாரணமாகக் கொள்ளிடத்தில் உப்புநீர் ஏறாமல் தடுக்க ஆதனூர்–குமாரமங்கலத்தில் எழுந்த கதவணை போன்றவற்றுக்கு, அடுத்த முப்பது ஆண்டுப் பராமரிப்புச் செலவையும் அதே அரசாணையில் எழுத வேண்டும். பராமரிப்பு அடுத்த ஆட்சியின் கவலை என்று விடக் கூடாது.

இன்னொன்று, இது செலவே இல்லாதது. நவம்பரில் எந்த மட்டத்துக்கு மேல் வந்தால் எந்த மதகை எவ்வளவு திறப்பது, எந்த ஊருக்கு எத்தனை மணி நேரம் முன்னால் சொல்வது என்பதற்கு அதிகாரிகளிடம் விதிமுறை இருக்கத்தான் செய்யும். அதைத் தமிழில், அடியிலும் கன அடியிலும், லால்பேட்டை மதகிலும் சேத்தியாத்தோப்பிலும் பெரிய பலகையாக எழுதி வைக்கட்டும். திருநாரையூர்க்காரர் தன் வயலுக்கு வரப்போகும் தண்ணீரை அங்கே நின்று படித்துவிட்டு, ஏன் நேற்றே திறக்கவில்லை என்று ஏ.இ.யைக் கேட்கட்டும்.